ஜப்பானிய விசிறி காற்று வாங்க மட்டும்தானா?

தேநீர்ச் சடங்கு, நடனம், சுமோ மல்யுத்தம், கல்யாணம் என்று ஜப்பானில் எதைப் பார்த்தாலும் யாராவது ஒருவர் கையில் விசிறி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதை யாரும் விசிறிக்கொள்வதே இல்லை, அப்புறம் எதற்கு அது என்பது கேள்வி. சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். காற்று வாங்குவது அந்த விசிறிகள் செய்யும் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். எல்லாம் ஒரே விசிறியும் இல்லை. தேநீர்ச் சடங்குக்குக் கொண்டுபோகிற விசிறியை நடனக்காரர் கையில் கொடுத்தால் அவருக்கு அது எதற்கும் உதவாது. நீளம், குச்சிகளின் எண்ணிக்கை, எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பது எல்லாமே வேலைக்குத் தகுந்தபடி மாறும். அதனால் வேலையையும் செய்முறையையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வைத்த, மடங்காத தட்டை விசிறி உச்சிவா. நம் வீட்டு ஓலை விசிறி செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடியது சென்சு, பழைய பெயர் ஓகி. உச்சிவா சீனாவிலிருந்து வந்தது. மடக்கு விசிறி ஜப்பானிலேயே பிறந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அது பிறந்த விதத்திலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

காகிதம் அருமையாக இருந்த காலத்தில் அரசாங்கக் குறிப்புகளை மெல்லிய மரப்பட்டிகளில் எழுதிவந்தார்கள். அந்தப் பட்டிகளை ஒரு முனையில் துளையிட்டுக் கோத்து, மறுமுனையை நூலால் பிணைத்தால் விரித்து மூடலாம். ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரப்பட்டிகளில் அப்படி உருவானதுதான் ஹியோகி. கியோட்டோவில் தோஜி கோயிலின் ஆயிரங்கைக் கன்னோன் சிலையின், அதாவது அவலோகிதேஸ்வரர் சிலையின், கை ஒன்றுக்குள் ஒரு ஹியோகி கிடைத்தது. அதில் 877-ஐக் குறிக்கும் ஆண்டு எழுதியிருக்கிறது. அரண்மனைச் சடங்கில் எதற்குப் பிறகு எது என்று மறந்துபோகாமல் இருக்க அதிகாரிகள் அதில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆக, மடக்கு விசிறியின் முதல் வேலையே குறிப்பேடு வேலைதான். பெண்கள் கைக்குப் போனபோது ஓவியமும் பட்டுக்கயிறுமாக அது அழகானது, முகத்தை மறைக்கும் திரையும் ஆனது. உயர்குலப் பெண்களின் ஹியோகியில் 39 பட்டிகள் இருக்கும். 2019 அக்டோபரில் பேரரசர் நருஹிதோவின் அரியணையேற்பு விழாவில் பேரரசி மசாகோ பல அடுக்கு உடையோடு நின்றாரே, அவர் கையில் இருந்ததும் ஹியோகிதான்.

காகிதம் ஒட்டிய விசிறி கொஞ்சம் பிந்தி வந்தது. நாலைந்து குச்சிகளின் மேல் ஒரே பக்கம் காகிதம் ஒட்டியது, விரித்தால் வௌவால் இறக்கை மாதிரித் தெரியும், பெயரும் வௌவாலை வைத்துத்தான்: கவஹோரி. அரண்மனையில் கோடைக்குக் கவஹோரி, குளிர்காலத்துக்கு மரப்பட்டி ஹியோகி என்று வழக்கம் இருந்தது. குளிர்காலத்துக்கு என்று தனியாக ஒரு விசிறி வைத்திருந்தவர்கள் காற்றுக்காக அதை வைத்திருக்கவில்லை என்பது தெளிவு. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ‘கெஞ்சி கதை’ என்ற புகழ்பெற்ற ஜப்பானிய நாவலில் ஒரு பெண் வாசனை ஏற்றிய வெள்ளை விசிறியில் பூவை வைத்துக் கொடுத்தனுப்புகிறாள், விசிறியிலேயே கவிதை எழுதியிருக்கிறாள். அன்றைக்கு அது தட்டு, கடிதம், வாசனைப் பொருள் மூன்றும்தான். 12ஆம் நூற்றாண்டில் ஒரு படி மேலே போய், விசிறி வடிவக் காகிதத்தில் ஆண் பெண் அன்றாட வாழ்க்கையை வண்ணத்தில் தீட்டி அதன் மேலேயே தாமரைச் சூத்திரத்தை எழுதினார்கள். ஒசாகாவின் ஷித்தென்னோஜி கோயிலில் உள்ள அந்த ஏடுகள் இன்று தேசியச் செல்வம். சந்தையில் துணி வாங்குகிறவள் தலைக்கு மேல் புத்தர் வாக்கு ஓடுகிற அந்தப் பக்கங்களைவிட அழகான விசிறி ஓவியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் இந்த விசிறி சீனாவுக்குப் போனது. அங்கே இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிச் செய்ய ஆரம்பித்தார்கள், அந்த முறை திரும்பி ஜப்பானுக்கே வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்கும் மடக்கு விசிறி போய்ச் சேர்ந்தது.

போர்க்களத்துக்கு வருவோம். தாய்ரா, மினமோதோ என்ற இரு குலங்கள் மோதிய 1185 யஷிமா போரில் தாய்ரா தரப்பினர் ஒரு படகில் கம்பு நட்டு, சூரியன் வரைந்த விசிறியை அதன் உச்சியில் மாட்டி, முடிந்தால் அடித்துப் பார் என்று சவால் விட்டார்கள். மினமோதோ தரப்பின் இளம் வில்லாளி நாசு நோ யொயிச்சி குதிரையைக் கடலுக்குள் இறக்கி, ஆடுகிற படகின் மேல் ஆடுகிற விசிறியை ஒரே அம்பில் வீழ்த்தினான் என்கிறது ஹெய்கே காவியம். இரண்டு படையும் சேர்ந்து ஆரவாரம் செய்ததாம். பிற்காலத் தளபதிகள் படையை நடத்த விசிறியைத்தான் தூக்கிக் காட்டினார்கள். மடக்குவதில் இரும்பு ஓரக்குச்சி வைத்தது டெஸ்சென், வாளை வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போகவேண்டிய இடத்திலும் கையில் இருக்கும். மடங்காதது குன்பை, நடுவில் இடுங்கிய தட்டை. 1561 கவனகஜிமா போரில் உவெசுகி கென்ஷின் குதிரையில் பாய்ந்து வந்து வாளை வீச, தகேதா ஷிங்கென் உட்கார்ந்தபடியே குன்பையால் தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. வரலாறா என்றால் இல்லை, ஆனால் ஜப்பானில் அதைத் தெரியாதவர் குறைவு. சுமோ நடுவர் கையில் நீங்கள் பார்த்தது அதே குன்பைதான். மோதல் முடிந்த கணத்தில் வென்றவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரோ, கிழக்கோ மேற்கோ, அந்தப் பக்கம் அதை நீட்டவேண்டும். தயங்கக் கூடாது.

இனி மூடிய விசிறியின் வேலைகள். என் பார்வையில் இதுதான் முக்கியமான பகுதி, ஏனென்றால் ஜப்பானில் விசிறி மூடிய நிலையில் செய்யும் வேலை திறந்த நிலையில் செய்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

தேநீர்ச் சடங்குக்கான விசிறி சின்னது. பெண்களுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர், ஆண்களுக்குச் சுமார் 18. மண்டியிட்டு உட்கார்ந்ததும் அதை மூடியபடியே முழங்காலுக்கு முன்னால் குறுக்காக வைத்து, அதற்கு இந்தப் பக்கமிருந்து வணங்குவார்கள். எதிரே இருப்பது விருந்து அழைத்தவராக இருக்கலாம், சுவர் மாடத்தில் தொங்கும் எழுத்தோவியமாக இருக்கலாம். இந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் உங்கள் இடம், இந்தப்பக்கம் என் இடம், நான் தாழ்ந்து நிற்கிறேன் என்பதைச் சொல்லாமல் சொல்லும் எல்லைக்கோடு அது. வணங்கி முடித்தபின் எடுத்துத் தனக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். அறை எவ்வளவு புழுங்கினாலும் அதை விரித்து விசிறிக்கொள்வது பெரிய அவமரியாதை.

கல்யாணத்திலும் இப்படித்தான். மணப்பெண் இடுப்புப் பட்டையில் செருகியிருக்கும் விசிறியை விரிப்பதே இல்லை. குச்சிகளைக் கோத்த ஆணியிலிருந்து கிளம்பி விரிந்துகொண்டே போகிற அதன் வடிவம், போகப்போக வாழ்வு விரியட்டும் என்பதற்கு அடையாளம். நிச்சயதார்த்தச் சீர்வரிசையிலும் விசிறி இருக்கும். ஆண்கள் மரபுடையில் முறையான விழாவுக்குப் போனால் வெறும் வெள்ளை விசிறி.

ரகுகோ என்று ஒரு கதை சொல்லும் கலை இருக்கிறது. ஒரே ஆள், மெத்தையில் மண்டியிட்ட நிலை, எழுந்திருக்கக் கூடாது, கையில் ஒரு விசிறியும் ஒரு கைத்துண்டும் மட்டும். வந்து உட்கார்ந்ததும் விசிறியை முன்னால் வைத்து வணங்குவார், தேநீர் அறையில் பார்த்த அதே எல்லைக்கோடு. கதை தொடங்கியதும் அது எதுவாகவும் ஆகும். நூடுல்ஸ் சாப்பிடும் காட்சி எல்லாருக்கும் பிடித்தது. மூடிய விசிறி வலது கையில் குச்சியாகிவிடும், இடது கை கிண்ணம் பிடித்த வாக்கில் வளைந்திருக்கும். முதலில் கிண்ணத்தின் மேல் ஊதுவார், அப்புறம் நூடுல்ஸைத் தூக்குவார். எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்பதிலேயே அதன் நீளம் தெரியும். பிறகு வாயால் உறிஞ்சும் சத்தம், தடித்த உடோனுக்கு ஒரு மாதிரி, மெல்லிய சோபாவுக்கு வேறு மாதிரி. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நிஜமாகவே பசி எடுக்கும். அதே விசிறி அடுத்த நிமிடம் புகைக்குழாய், எழுதுகோல், துடுப்பு, வாள். கொஞ்சம் விரித்தால் மதுக்கிண்ணம், முழுதாக விரித்தால் கடிதம். ரகுகோக்காரர்கள் தங்களுக்குள் இதைக் ‘காற்று’ என்றுதான் அழைக்கிறார்கள். நடன விசிறியைவிடக் குட்டை, சுமார் 23 சென்டிமீட்டர், அதில் கண்ணைப் பறிக்கும் படம் எதுவும் இருக்காது. வாளாகவும் குச்சியாகவும் மாறவேண்டிய பொருளில் பூக்கள் வரைந்திருந்தால் கண் நம்பாது. வீரக்கதை சொல்லும் கோதான் கலைஞர்கள் இன்னொரு வகை வைத்திருப்பார்கள், விரியவே விரியாது. காகிதம் சுற்றி இறுக்கிய அதை முன்னால் இருக்கும் சிறு மேசையில் பட் பட்டென்று அடித்துத்தான் கதையின் வேகத்தைக் கூட்டுவார்கள்.

ஷோகி, கோ என்ற பலகை விளையாட்டுகளின் வீரர்கள் யோசிக்கும்போது விசிறியைக் கொஞ்சம் விரித்து மூடி, விரித்து மூடி ஒரு தாளம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். புகழ்பெற்ற வீரர்கள் தூரிகையால் எழுதிய வாசகத்தை அச்சிட்ட விசிறிகளை ரசிகர்கள் ஆசையாக வாங்குகிறார்கள்.

நடன விசிறி சுமார் 29 சென்டிமீட்டர் நீளம், 10 குச்சி, தடித்த காகிதம். ஓரக்குச்சிகளில் ஆணிக்குப் பக்கத்தில் ஈயம் பதித்திருப்பார்கள். எடை அடிப்பக்கம் இருப்பதால்தான் விரல்களுக்கு நடுவில் சுழற்றும்போதும், மேலே போட்டுப் பிடிக்கும்போதும் அது சொன்னபடி கேட்கிறது. அதை மெல்ல நடுங்கவிட்டபடி இறக்கினால் செர்ரிப் பூ உதிர்கிறது, படுக்கைவாக்கில் அலைத்தால் கடல், தலைக்கு மேல் பிடித்தால் மழைக்கு ஒதுங்குகிறார்கள். ‘நோ’ என்ற மரபு முகமூடி நாடகத்தின் முக்கியப் பாத்திரங்கள் கையில் இருப்பது வேறு வகை. அது மூடியிருக்கும்போதும் மேல்முனை பாதி விரிந்த மாதிரியே நிற்கும். அதில் உள்ள படம் பாத்திரத்தைச் சொல்லிவிடும். வென்ற வீரனின் ஆவி என்றால் பைன் மரமும் உதயசூரியனும், தோற்று மடிந்த வீரனின் ஆவி என்றால் அலைகளில் அமிழும் சூரியன். நடிகர் வாய் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

விளையாட்டும் உண்டு. எடோ காலம் என்ற ஷோகன் ஆட்சிக் காலத்தில், 1770களில் பரவிய தோசென்க்யோ என்பதில் சின்னப் பெட்டி மேல் வைத்த இலக்கை நோக்கி விரித்த விசிறியை எறிய வேண்டும். விசிறி, இலக்கு, பெட்டி மூன்றும் எப்படி விழுந்து கிடக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் புள்ளி. விழுந்து கிடக்கும் ஒவ்வொரு நிலைக்கும் ‘கெஞ்சி கதை’யின் அத்தியாயப் பெயர்!

இதையெல்லாம் தாங்குகிற பொருளை எப்படிச் செய்கிறார்கள்? கியோட்டோ விசிறியை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆள் முழுதாகச் செய்வதில்லை. ஒரு விசிறி முடிவதற்குள் 87 முறை கைவினைஞர் கைபடும் என்பார்கள். மூங்கில் குச்சி வேலையில் பெரும்பகுதி பிவா ஏரியை ஒட்டிய தகாஷிமாவில் நடக்கிறது. காகிதம் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் மூன்று அடுக்கு: நடுவில் மெல்லிய உள்தாள், இரண்டு பக்கமும் மேல்தாள். படம் வரைந்து முடித்தபின் ஈரப்பதமாக்கி, முன்பே மடிப்பு விழுந்த இரண்டு தடித்த அச்சுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் மடிப்பார்கள். ஒரு மயிரிழை பிசகினால் கடைசி மடிப்பில் அது விரற்கடை அளவு பிசகாகத் தெரியும். இனிதான் நான் மிகவும் வியக்கும் இடம். குச்சிகள் காகிதத்தின் மேல் ஒட்டப்படுவதில்லை, அதற்குள்ளே போகின்றன. மடித்த காகிதக் கட்டின் அடியோரத்தில் உள்தாளின் நடுவே மெல்லிய குச்சியை நுழைத்து ஒவ்வொரு மடிப்பிலும் வழி திறப்பார்கள். பிறகு கட்டை உதட்டருகே வைத்து ஊதுவார்கள். மூச்சுக்காற்று உள்ளே போய் அந்தக் குறுகிய பைகளை வரிசையாகத் திறந்துவிடும். அது மறுபடி ஒட்டிக்கொள்வதற்குள் பசை தடவிய மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்திவிடவேண்டும். கடைசியில் இரண்டு ஓரக்குச்சிகளையும் சூடுகாட்டி உட்பக்கமாக லேசாக வளைத்து ஒட்டுவார்கள். நல்ல விசிறியை மூடும்போது படீரென்று ஒரு கச்சிதமான சத்தம் வருமே, அது இந்த வளைவால் வருவது. தோக்கியோ விசிறி அப்படியில்லை. குச்சிகள் குறைவு, மடிப்பு அகலம், பெரும்பாலான வேலைகளை ஒரே கைவினைஞர் செய்துமுடிப்பார். எடுப்பாக, அலட்டலில்லாமல் இருக்கும்.

உச்சிவா பக்கம் வந்தால் ஷிகோக்கு தீவின் மருகமேதான் பெரிய ஊர், ஜப்பானில் செய்யப்படும் உச்சிவாவில் சுமார் 90 சதவீதம் அங்கேதான். பக்கத்தில் கொன்பிரா கோயில், யாத்திரை வந்தவர்கள் நினைவாக வாங்கிப்போக ஆரம்பித்தது தொழிலானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருமானம் போதாத சாமுராய்களுக்குப் பக்கத்தொழிலாக இதையே அந்தச் சமஸ்தானம் ஊக்குவித்தது. மருகமே உச்சிவாவில் கைப்பிடியும் நரம்புகளும் ஒரே மூங்கில் துண்டு. ஒரு பாதியை அப்படியே விட்டு மறுபாதியை மெல்லிய நரம்புகளாகக் கீறி விரிப்பார்கள். கியோட்டோ உச்சிவாவில் கைப்பிடியைத் தனியாகச் செய்து பின்னால் செருகுவார்கள். சிபாவின் பொஷூ உச்சிவா மெல்லிய முழு மூங்கிலை உருண்டையாக அப்படியே கைப்பிடி ஆக்கியது. 1923 பெருநிலநடுக்கத்தில் தோக்கியோ அழிந்தபோது வியாபாரிகள் பலர் அங்கே போனதால் வளர்ந்த தொழில் அது.

உச்சிவாவுக்குக் காற்று வேலை உண்டு, மனிதருக்கு மட்டுமில்லை. விலாங்கு மீன் சுடுகிறவர் கரியடுப்பை அதால்தான் அடக்கியும் கிளப்பியும் ஆள்கிறார். சுஷிக்குச் சூடான சோற்றில் வினிகர் கலந்ததும் உச்சிவாவால் விசிறுவார்கள், மேல் ஈரம் சட்டென்று போய்ச் சோறு பளபளக்கும். இந்தச் சமையலறை விசிறிகளுக்குப் பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றைப் பூசுவது வழக்கம், காகிதம் உறுதியாகும், பூச்சி அரிக்காது. கோடையில் ‘போன்’ என்ற முன்னோர் நினைவு விழாவின் நடனத்துக்குப் போகிறவர்கள், யுகாதா என்ற மெல்லிய பருத்தி உடையின் முதுகுப்பக்கம் பட்டையில் செருகிக்கொள்வதும் உச்சிவாதான். கியோட்டோவின் மைக்கோ, கெய்க்கோ எனப்படும் கெய்ஷா கலைஞர்கள் கோடை தொடங்கும்போது தங்கள் பெயர் எழுதிய வட்ட உச்சிவாவைத் தெரிந்த உணவகங்களுக்குக் கொடுப்பார்கள், அவை சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்கும். பாட்டுக் கச்சேரிகளில் ரசிகைகள் தங்களுக்குப் பிடித்த பாடகரின் பெயரை ஒட்டித் தூக்கிப்பிடிப்பதும் அதைத்தான்.

கோயில் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நாராவின் தோஷோதைஜி கோயிலில் 13ஆம் நூற்றாண்டில் ககுஜோ என்ற துறவி இருந்தார். அவரைக் கொசு கடித்துக்கொண்டிருந்தபோது சீடர் அதை அடிக்கப் போக, என் இரத்தத்தைக் கொசுவுக்குக் கொடுப்பதும் தானம்தான் என்று தடுத்துவிட்டாராம். அவர் மறைந்தபின் ஹொக்கேஜி மடத்துப் பிக்குணிகள், கொசுவைக் கொல்லத்தான் கூடாது, விசிறியாவது ஓட்டலாமே என்று உச்சிவா செய்து அவருக்குப் படைத்தார்கள். ஆண்டுதோறும் மே 19 அன்று அவர் நினைவாக இதய வடிவ உச்சிவாக்களைக் கூட்டத்தில் வீசுகிறார்கள். ஜூலை 14இல் நாச்சி அருவிக் கோயில் திருவிழாவில் விசிறிகள் பதித்த 6 மீட்டர் உயரமான 12 சப்பரங்கள் அருவியை நோக்கிப் போகின்றன, எதிரே பெரிய பெரிய தீப்பந்தங்களோடு வெள்ளை உடையில் ஆட்கள் படியேறி வருவார்கள்.

ஒன்று வாங்கலாம் என்று நினைத்தால், எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வெயிலுக்கு என்றால் சாதாரணக் கோடை விசிறி, பெண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், ஆண்களுக்குச் சுமார் 23. குச்சி அதிகமிருந்தால் வளைந்து கொடுத்துக் காற்று மென்மையாக வரும். சந்தனமரப் பட்டிகளால் ஆன விசிறியில் காற்றைவிட வாசனை அதிகம், அதற்கு அங்கே உயர்ந்ததாகக் கருதுவது நம் பக்கத்து மைசூர்ச் சந்தனம். நடனம் கற்பவர் நடன விசிறி என்று கேட்டு வாங்கவேண்டும், தேநீருக்குத் தேநீர் விசிறி. கடையில் விரித்துப் பார்க்கும்போது ஓரக்குச்சியை இழுக்காமல் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி விரியுங்கள், மூடியபின் இரண்டு ஓரமும் காகிதத்தை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பயன்படுத்தாதபோது மடிப்பு மாறாமல் மூடி, கூடவே வரும் காகித வளையத்தை மாட்டி வையுங்கள். மழைக்கால ஈரத்தில் அப்படியே விட்டால் காகிதம் உப்பிக்கொண்டு விசிறி சரியாக மூடாமல் போய்விடும்.